ஏரிப் பந்தயத்தில் அளவு பார்த்த அப்புசாமி

நாமக்கல்லில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருந்த தெருவில் போரிங் மெஷின் வைத்திருந்தவர் அப்புசாமி ஒருவர்தான். இஞ்சின் ஓட ஓட சிலிண்டரின் உட்புறம் தேய்ந்து வட்டம் கெட்டுப்போகும். அதை மறுபடி வட்டமாகக் கடைந்து, கொஞ்சம் பெரிய பிஸ்டன் பொருந்தும்படி செய்து கொடுப்பது அவருடைய தொழில். கடைந்து முடித்ததும் கேஜ் என்ற அளவுக் கருவியை உள்ளே விட்டு அளவு சொல்வார். அவர் சொன்ன பிறகு வேறு இடத்தில் கொண்டுபோய்ச் சரிபார்க்கும் பழக்கம் அந்தத் தெருவில் யாருக்கும் இல்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ளாதவர் என்று சொல்ல முடியாது; நன்றாகவே காட்டிக்கொள்வார். யாராவது கேஜைத் தொட்டால் வாங்கித் துணியால் துடைத்து வைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்.

அந்தப் பெருமைதான் அவரைப் பந்தயச் சங்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

சித்திரை மாதத்தில் தண்ணீர் வற்றியதும், பனமரத்துப்பட்டிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சிறிய ஏரிக்குள் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்கும். யார் கட்டிய இஞ்சின் நல்ல இஞ்சின் என்று பட்டறைக்காரர்களுக்குள் வந்த வாய்ச்சண்டையில் தொடங்கியது அது. பழைய ஜாவாவையும் எஸ்டியையும் வாங்கி, மட்கார்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏரிக்குள் வட்டம் சுற்றுவார்கள். கரையெல்லாம் கூட்டம் நிற்கும். 1979-ல் ஒரு வண்டி சறுக்கிக் கூட்டத்துக்குள் புகுந்து, கடலை விற்றுக்கொண்டிருந்தவர் ஒருவரின் கால் முறிந்தது. போலீஸ் பந்தயத்தையே நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகுதான் சங்கம் வந்தது. சேலத்தில் உதிரிபாகக் கடை வைத்திருந்த வெங்கடாசலம் அதன் செயலாளர். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கியவர் அவர். கயிறு கட்டினார், டாக்டரை உட்கார வைத்தார், ஏரிக்கரையில் வாசல் போட்டு டிக்கெட் விற்றார். சேலத்தில் ஒரு லாட்ஜின் மாடியில் கூட்டம் போட்டு, எங்கோ நடக்கும் பெரிய பந்தயத்தின் விதிகளைப் பார்த்துத் தமிழில் எழுதிவந்த விதிகளைப் படித்தார். அதில் ஒன்று, பந்தய வண்டியின் இஞ்சின் இருநூற்றைம்பது சி.சி.யைத் தாண்டக்கூடாது என்பது. அளவு பார்க்க அப்புசாமியை நியமித்திருப்பதாகச் சொல்லி, சிவப்பு நாடா வைத்த ஒரு பட்டையை அவர் சட்டையில் குத்திவிட்டார். கைதட்டினார்கள். அப்புசாமி விதிகளின் கீழே கையெழுத்துப் போட்டார். பட்டறைக்காரர்களும் போட்டார்கள்.

அந்த மாடியில் இருந்த ஒருவருக்கும் அந்த விதியில் சந்தேகம் வரவில்லை. ஜாவா என்றால் இருநூற்றைம்பது வண்டி. அது அந்த வண்டியின் பெயர் மாதிரி. லாரித் தொழிலில் ஒரு இஞ்சினை எத்தனை முறை கடைந்தாலும் அது பழைய பெயரிலேயே இருக்கும். கடைந்த வண்டியை, தேய்ந்து வைத்தியம் பார்த்த வண்டி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பெரிதாகிவிட்ட வண்டி என்று யாரும் நினைப்பதில்லை. ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைக் கடைந்த அப்புசாமியும் அப்படி நினைத்ததில்லை.

மூன்று வருடம் பந்தயம் நன்றாக நடந்தது. ஒரு வண்டியையும் அளக்க வேண்டிய தேவை வரவில்லை. அப்புசாமி பிரேக்கையும் டயரையும் பார்த்து, பெட்ரோல் டேங்கில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிடுவார். கோடு இருந்தால் வண்டி ஓடலாம்.

1983-ல் மழை பொய்த்து ஏரி மாசி மாதமே வறண்டுவிட்டது. அந்த வருடம்தான் சண்டையும் வந்தது. பட்டறைக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, வாசல் வசூலில் மூன்றில் ஒரு பங்கு தங்களுக்கு வேண்டும் என்றார்கள். எடப்பாடியிலிருந்தும் இளம்பிள்ளையிலிருந்தும் சனம் வண்டி கட்டிக்கொண்டு வருவது எங்கள் வண்டிகளைப் பார்க்கத்தான், கயிற்றைப் பார்க்க அல்ல என்பது அவர்கள் வாதம். வெங்கடாசலமும் விடவில்லை. நாளைக்கு இன்னொருவர் கால் முறிந்தால் போலீஸ் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது, உங்கள் பெயரா என்று கேட்டார். இரண்டு பக்கமும் பேசியது உண்மை. அதனால்தான் சண்டை தீரவில்லை.

பட்டறைக்காரர்களின் பக்கம் முன்னால் நின்றவர் கருப்பண்ணன். அவர் அப்புசாமியின் மனைவி ராஜம்மாளின் அண்ணன். மூன்று வருடமாக முதல் பரிசு அவருடைய வண்டிக்குத்தான். லாரியில் கிளீனராக இருந்த சின்னான் என்ற இளைஞன் அதை ஓட்டினான். பங்கு கொடுக்காவிட்டால் ஒரு வண்டியும் ஏரிக்குள் இறங்காது என்று கருப்பண்ணன் சொல்லியனுப்பினார். பதிலுக்கு வெங்கடாசலம், இந்த வருடம் விதிகள் எழுத்துக்கு எழுத்து பார்க்கப்படும், எல்லா இஞ்சின்களும் அளக்கப்படும் என்று தட்டி எழுதி வைத்துவிட்டார்.

தட்டியைப் படித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அப்புசாமி பட்டறைத் தரையில் உட்கார்ந்து சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போட்டார். ஜாவாவின் சிலிண்டர் அறுபத்தைந்து மில்லி மீட்டர். புது வண்டி இருநூற்று நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது சி.சி. வந்தது. ஒருமுறை கடைந்து அடுத்த பெரிய பிஸ்டன் போட்டால், அதாவது முதல் சைஸில், கால் மில்லி மீட்டர் கூடும். மறுபடி பெருக்கினார். இருநூற்றைம்பதைத் தாண்டியது. எங்கோ தவறு என்று அழித்துவிட்டு மறுபடி போட்டார். அதே எண்தான் வந்தது. பந்தயத்துக்கு வரும் பட்டறை வண்டிகள் எல்லாமே பழைய வண்டிகள். எல்லாவற்றையும் கடைந்து கொடுத்தவர் அவரே.

மறுநாள் சேலத்துக்குப் பஸ் ஏறி வெங்கடாசலத்தைப் பார்த்தார். முதல் சைஸ் வரை கடையலாம் என்று விதியை மாற்றிவிடச் சொன்னார். மிரட்டலுக்குப் பயந்து விதியை மாற்றியதாக ஆகிவிடும், அது முடியாது என்றார் வெங்கடாசலம். அப்படியானால் அளந்து எல்லா வண்டியையும் வெளியே நிறுத்துவதா, பந்தயத்தில் யார் ஓடுவார்கள் என்று அப்புசாமி கேட்டார். வெங்கடாசலம் அவருக்கு டீ வரவழைத்தார்.

"அளக்கறதுக்கில்லீங்க அப்புசாமி. அளந்துருவோம்னு அவங்களுக்குப் பயம் இருக்கோணும். அவ்வளவுதான்."

ஊர் திரும்பியபோது வீட்டில் கருப்பண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் அப்புசாமியின் மகள் பாவாயி. அவளுக்கு மூன்று வயது. வருகிற புதன்கிழமை அண்ணமார் கோயிலில் அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும். ராஜம்மாளுக்குக் கூடப் பிறந்தவர் கருப்பண்ணன் ஒருவர்தான். சீருக்குத் துணி எடுத்துவிட்டதாகவும், வெள்ளிக் கொலுசு செய்யக் கொடுத்திருப்பதாகவும் சொல்லத்தான் வந்திருந்தார். பேச்சு எப்படியோ இஞ்சினுக்குப் போய்விட்டது. அப்புசாமி தன் கணக்கை மறைக்காமல் சொன்னார்.

"ஏனுங் மாப்ள, நீங்க கடைஞ்சு குடுத்த சிலிண்டரு. நீங்களே அளந்து, நீங்களே தப்புன்னு சொல்லுவீங்களா?"

"தப்புன்னு சொல்லலீங்க மச்சான். பெருசுன்னு சொல்றேன்."

"கால் மில்லி. தலமுடி கனம். கேஜு உங்க கையில இருக்குது. அறுவத்தஞ்சுன்னு சொன்னா எவன் வந்து பாக்கப் போறான்?"

யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது அப்புசாமிக்கும் தெரியும். கருப்பண்ணன் எழுந்தார். தன் வண்டியை அளந்து வெளியே நிறுத்தினால் புதன்கிழமை கோயிலில் தன்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ராஜம்மாள் அண்ணனையும் தடுக்கவில்லை, கணவரிடமும் கெஞ்சவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"பட்டையக் குத்திக்கிட்டு வந்தன்னைக்கி கண்ணாடி முன்னால நின்னு நின்னு பாத்தீங்க. அன்னைக்கி வராத கணக்கு இன்னைக்கி எங்கிருந்துங்க வந்துச்சு?"

அவருக்கும் அதே கேள்விதான்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் ஏரிக்கரை நிரம்ப ஆரம்பித்தது. பட்டறை வண்டிகள் கயிற்றுக்கு வெளியே லாரியிலேயே நின்றன. கருப்பண்ணனும் வெங்கடாசலமும் பந்தலுக்கு அடியில் தலையைக் குனிந்துகொண்டு பேசினார்கள். வெயில் ஏறியது. கூட்டம் விசில் அடித்தது, மண்ணாங்கட்டியை எடுத்து ஏரிக்குள் வீசியது. கடைசியில் இருவரும் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குப் பதில் நான்கில் ஒரு பங்கு என்று முடிவாகியிருந்தது. அளவு பார்ப்பது கிடையாது. அப்புசாமி வழக்கம்போலக் கோடு மட்டும் போட்டால் போதும்.

அப்புசாமிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருக்க வேண்டும். புதன்கிழமை கெடாது. யாரும் யாரையும் வெளியேற்றவில்லை. சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு முதல் வண்டிக்குப் போனார். அது கருப்பண்ணனின் வண்டி. சின்னான் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். கை டேங்கைத் தொடும்வரை போயிற்று. ஆனால் போன வருடம் அவர் போட்ட கோடு வேறு, இந்தக் கோடு வேறு. போன வருடம் அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

அவர் திரும்பி வந்து, விதியை இங்கேயே மாற்றி மைக்கில் சொல்லிவிடுங்கள், முதல் சைஸ் வரை கடையலாம் என்று சொன்னால் எல்லாவற்றுக்கும் கோடு போடுகிறேன் என்றார். வெங்கடாசலத்தின் முகம் மாறியது. மூன்று வருடமாகச் சங்கம் எதைப் பார்த்தது என்று கேட்பார்களே என்றார். அதைவிடக் கோபம் கருப்பண்ணனுக்கு வந்தது.

"மைக்குல சொன்னா, மூணு வருசமா திருட்டு இஞ்சின்லயா செயிச்சீங்கன்னு ஊரு கேக்குமுங். இது உங்களுக்கு நாயமாப் படுதுங்களா?"

சமரசமாகிவிட்ட இரண்டு பக்கமும் இப்போது சேர்ந்து அவர் மேல் பாய்ந்தது. நேற்றுவரை ஒருவரையொருவர் வசவு பேசியவர்கள். அப்புசாமி பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். "அளக்காம கோடு போட மாட்டேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். வெங்கடாசலமே சுண்ணாம்புக் கட்டியை எடுத்து எல்லா வண்டிக்கும் கோடு போட்டார்.

அந்த வருடப் பந்தயத்தை அப்புசாமி பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். புழுதியில் முன்னால் போகிற வண்டி பின்னால் வருகிறவனுக்குத் தெரியவில்லையாம். சின்னான் முதலில் வந்தான். அடுத்த இரண்டு இடமும் பட்டறை வண்டிகளுக்கே. நான்காவதாக வந்தவன் மாரியப்பன். இளம்பிள்ளையில் தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன்; பாலிடெக்னிக் படித்தவன். அவனுடையது புது எஸ்டி, கடையாத இஞ்சின். காலையில் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவன் காதில் அப்புசாமி சொன்னதெல்லாம் விழுந்திருந்தது. விதியில் சொன்னபடி பணம் கட்டி, முதல் மூன்று வண்டிகளையும் அளக்க வேண்டும் என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டான். வெங்கடாசலத்தால் அதை வாங்காமல் இருக்க முடியவில்லை. மாட்டேன் என்றால் பையன் போலீசுக்குப் போவான், அடுத்த வருடம் அனுமதி கிடைக்காது. வண்டிகளைக் கயிற்றுக்குள் நிறுத்திவிட்டு, அப்புசாமியை அழைத்துவர நாமக்கல்லுக்கு ஜீப் அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் அளக்காவிட்டால் ஆட்சேபம் தள்ளுபடி என்பதும் விதியில் இருந்தது.

ஜீப்புக்கு முன்னால் கருப்பண்ணன் வந்துவிட்டார். உடம்பெல்லாம் ஏரிப் புழுதி. பட்டறை வாசலில் நின்றபடியே பேசினார். காலையில் இருந்த கோபம் இப்போது குரலில் இல்லை.

"பொய் சொல்லச் சொல்லலீங் மாப்ள. பட்டையத்தான் கழட்டிப் போட்டுட்டீங்களே. ஜீப்பு வந்தா, முடியாதுன்னு ஊட்டுலயே இருந்துக்குங்க. நானும் புதங்கெழம வாரேன். எல்லாம் சரியாப் போயிரும்."

அவர் போன பிறகு அப்புசாமி மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. சும்மா இருப்பது பொய் ஆகாது. அவர் இப்போது சங்கத்துக்காரரும் இல்லை. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ராஜம்மாள் காதுகுத்துக்கு நெல் அவித்துக்கொண்டிருந்தாள். இப்படியெல்லாம் நினைத்து ஏறக்குறைய மனதைத் தேற்றிக்கொண்ட நேரத்தில் மாரியப்பனின் நினைவு வந்தது. அந்தப் பையனை அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் மற்றவர்கள் எல்லோரும் பெயருக்குக் கையெழுத்துப் போட்ட அந்த விதியைப் படித்து, அதில் எழுதியிருப்பது நிஜம் என்று எடுத்துக்கொண்டவன் அவன் ஒருவன்தான். அவன் படித்த காகிதத்தின் அடியில் இருந்தது அப்புசாமியின் கையெழுத்து. வெங்கடாசலம் அளவைக் காட்டிப் பயமுறுத்தப் பார்த்தார். கருப்பண்ணன் அளவையே மறந்துவிடச் சொன்னார். அளந்து பார் என்று கேட்டவன் இவன் மட்டுமே.

ஜீப் வந்தபோது அவர் கேஜைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

ஏரியில் கூட்டம் கலைந்திருந்தது. அடையாளம் தெரிந்தவர்களும் சில ஆடு மேய்ப்பவர்களும் நின்றார்கள். வெயில் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்புசாமி நேராகக் கருப்பண்ணனிடம் போனார்.

"மச்சான், ஹெட்டக் கழட்டச் சொல்லுங்க."

கருப்பண்ணன் சின்னானைப் பார்த்துத் தலையை அசைத்தார். சின்னான் நட்டுகளைக் கழற்றினான். சிலிண்டரை மூடியிருந்த ஹெட்டைத் துணியோடு பிடித்துத் தரையில் வைத்தான். அப்புசாமி பிஸ்டனை இறக்கி, கேஜை உள்ளே விட்டார். மேலே ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கீழே ஒருமுறை பார்த்தார். அவர் கடைந்தபோது சொன்ன அதே அளவு. நல்ல வேலையாக இருந்தது. ஒரு பக்கமும் தேயவில்லை. அறுபத்தைந்தேகால் என்று அளவைச் சொன்னார். மற்ற இரண்டு வண்டிகளும் அளவைத் தாண்டியிருந்தன; அதையும் சொன்னார். பிறகு யாரும் கேட்காமலே மாரியப்பனின் வண்டியையும் கழற்றச் சொல்லி அளந்தார். அது அறுபத்தைந்து.

வெங்கடாசலம் மைக் இல்லாமலே முடிவைப் படித்தார். பரிசு மாரியப்பனுக்குப் போனது. அவன் சந்தோஷமாக இருந்த மாதிரி தெரியவில்லை. தனக்கு முன்னால் மூன்று பேர் வந்ததை அவனும்தான் பார்த்தான். சின்னான் ஒரு பக்கம் போய்க் கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். கருப்பண்ணன் ஹெட் கழற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் லாரியில் ஏற்றினார்.

செவ்வாய்க்கிழமை வரை கருப்பண்ணன் வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. உறவுக்காரர்கள் என்ன செய்வது என்று கூடிப் பேசினார்கள். பெரியப்பா மகன் ஒருவனை மாமன் முறைக்கு உட்கார வைக்கலாம் என்றார் ஒருவர். ராஜம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. என் கூடப்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவன் மடியில் என் பிள்ளையை வைக்கமாட்டேன், வராவிட்டால் கோயிலிலிருந்து அப்படியே திரும்பி வருவேன் என்றாள். நீங்கள் போய்க் கூப்பிடுங்கள் என்றும் அவள் கணவரிடம் சொல்லவில்லை. அப்புசாமி தானாகத் தட்டில் வெற்றிலையும் பழமும் வைத்துக்கொண்டு போனார். கருப்பண்ணனின் மனைவி வாங்கிக்கொண்டாள். அவர் உள்ளேதான் இருந்தார். வெளியே வரவில்லை.

புதன்கிழமை கோயிலில் நாவிதரும் காது குத்தும் ஆசாரியும் காத்திருந்தார்கள். நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பாவாயி பசித்து அழத் தொடங்கிவிட்டாள். ராஜம்மாள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. அப்புசாமி வேறு எதையும் பார்க்கவில்லை. தன் அளவு சரி என்பதில் அவருக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அது அந்த நேரத்தில் அவருக்கு எந்தத் துணையாகவும் இல்லை.

லாரி வந்து நின்றது. கருப்பண்ணன் வேட்டி துண்டோடு இறங்கினார். பின்னால் பெண்கள் சீர்த்தட்டுகளோடு இறங்கினார்கள். அவர் அப்புசாமியைக் கடந்து நேராகத் தங்கையிடம் போனார்.

"பாப்பாவுக்காக வந்தேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

மனையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். மொட்டை அடித்து முடிந்தது. புதுத் துணி போட்டார்கள், கொலுசு போட்டார்கள். குத்துவதற்கு முன் காதில் குறி வைக்க ஆசாரி சந்தனத்தைக் குழைத்தார். இரண்டு காதிலும் குறி ஒரே மட்டத்தில் விழ வேண்டும். குழந்தை தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் ஆசாரி இரண்டு முறை வைத்து இரண்டு முறை அழித்தார். கருப்பண்ணன் குழந்தையின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அளவுக்காரரு சும்மாதானே நிக்கறாரு. அவரயே வெக்கச் சொல்லுங்க ஆசாரி. இல்லாட்டி அப்புறம் கோணல்னு நம்மளச் சொல்லுவாரு."

யாரோ சிரித்தார்கள். அது கேலியா, கூப்பிட்டதா என்று அப்புசாமிக்கு விளங்கவில்லை. முன்னால் போய் மண்டியிட்டு, சந்தனம் தொட்ட குச்சியால் ஒரு காதில் வைத்தார், இன்னொரு காதில் வைத்தார். பின்னால் சாய்ந்து பார்த்தார். கருப்பண்ணனின் மூச்சு அவர் நெற்றியில் பட்டது. இரண்டாவது குறியைத் துடைத்து, கொஞ்சம் மேலே மறுபடி வைத்தார். ஆசாரி குத்தினார். பாவாயி வீறிட்டு அழுதாள். மாமன் அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் சங்கம் விதியை மாற்றி, முதல் சைஸ் வரை கடையலாம் என்று எழுதியது. பட்டறைக்காரர்களின் பங்கும் எழுத்தில் ஏறியது. அளவு பார்க்க மறுபடி அப்புசாமியையே கூப்பிட்டார்கள். இந்த முறை எல்லா வண்டிகளையும் கழற்றி அளந்துவிட்டுத்தான் கோடு போட்டார். கருப்பண்ணன் அதற்குப் பிறகு சிலிண்டர் கடைய சேலத்துக்குப் போனார். நாமக்கல்லில் இருந்துகொண்டு சேலத்துக்குப் போகிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

காது குத்திய அன்றைக்குக் கோயிலில் பந்தி போட்டபோது, தாய்மாமனுக்கு முதல் இலை என்று ராஜம்மாள் அண்ணனின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். பக்கத்து இலை அப்புசாமிக்கு. கருப்பண்ணன் அதைப் பார்த்தார். எழுந்து போகவில்லை. பாவாயியைத் தூக்கி இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டு, தன் இலைக்குத் தண்ணீர் தெளித்தார்.